நெல்லைச் சீமையில் ஒரு பிளாஸ்டிக் யுகுலேலே: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

முதலில் என்னிடம் இருந்தது மரத்தில் செய்த யுகுலேலே. கிதார் போல இருக்கும், நாலே தந்தி கொண்ட சின்ன, அழகான வாத்தியம். கத்திரி வெயில் நாட்களில் அதை மாடி அறையில் வைத்துவிட்டு வெளியூர் போனேன். நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்து பார்த்தால், தந்திகளைக் கட்டியிருந்த குதிரை என்ற மரத்துண்டு பசை விட்டுப் பெயர்ந்து நிற்கிறது. ஒட்டவைத்தேன். ஆனால் அதன் பிறகு அதை வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோக மனம் வரவில்லை. சாரல் விழுந்தால் பயம், வெயில் அடித்தால் பயம், ரயிலில் யாராவது அதன்மேல் பெட்டியை வைத்துவிடுவார்களோ என்று பயம். வாத்தியம் உறைக்குள்ளேயே கிடந்தது. வாசிப்பும் அங்கேயே நின்றது.

அப்புறம்தான் 2,000 ரூபாய்க்குள் ஒரு பிளாஸ்டிக் யுகுலேலே வாங்கினேன். அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்குத் தினமும் ரயிலில் போய்வருகிறவன் நான். சாப்பாட்டுப் பையோடு அதுவும் தோளில் ஏறிக்கொண்டது. ரயில் தாமதமானால் நடைமேடை பெஞ்சில் பத்து நிமிடம், மாலையில் ஆற்றுப் படித்துறையில் கால் மணி நேரம். மர வாத்தியத்தை வைத்துக்கொண்டு இரண்டு வருடத்தில் வராதது ஆறு மாதத்தில் வந்தது. பயப்படாமல் தூக்கிக்கொண்டு போகிற வாத்தியம்தான் கையில் இருக்கிறது. கையில் இருப்பதைத்தான் வாசிக்கிறோம். இதைப் படிக்கிறவர்களும் அப்படித் தொடங்க வேண்டும் என்பது என் ஆசை.

ஒருநாள் ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த ஆச்சி, "என்னய்யா இது, வீணை குட்டி போட்டிருக்கா?" என்று கேட்டார். "ஆமா ஆச்சி, நாலே தந்திதான்" என்றேன். யோசித்துப் பார்த்தால் வீணையிலும் மெட்டுகளின் (கழுத்தில் குறுக்கே வரிசையாக நிற்கும் கம்பிகள்) மேல் ஓடும் தந்தி நான்குதான், மீதி மூன்றும் தாளத் தந்திகள். ஆச்சிக்குத் தெரிந்த உறவு இந்த வாத்தியத்தின் பெயரில் இல்லை. ஹவாய் மொழியில் யுகுலேலே என்றால் குதிக்கும் தெள்ளுப்பூச்சி. போர்ச்சுகலின் மதேரா தீவிலிருந்து 1879 ஆகஸ்டில் ஹொனலூலுவுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலில் வந்தவர்கள் கொண்டுவந்த சின்னக் கிதாரிலிருந்து பிறந்தது இது. அந்தக் கப்பலில் வந்த தச்சர்கள் சிலர்தான் அங்கே தங்கி இதைச் செய்யத் தொடங்கினார்கள்.

பிளாஸ்டிக்கில் செய்வதும் இன்று நேற்று வந்ததல்ல. மரியோ மக்காஃபெர்ரி என்ற இத்தாலியர் கிதார் செய்வதில் பெரிய கை. அவர் அமெரிக்காவுக்குப் போய், துணி மாட்டும் கிளிப்புகளைப் பிளாஸ்டிக்கில் அச்சுவார்த்துக்கொண்டிருந்தார். அதே கைப்பழக்கத்தில் 1949இல் பிளாஸ்டிக் யுகுலேலேயைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். லட்சக்கணக்கில் விற்றது. அதனால் பிளாஸ்டிக் என்றாலே பொம்மை என்று யாராவது சொன்னால் நீங்கள் தயங்க வேண்டாம். ஆனால் பொம்மையும் சந்தையில் இருக்கிறது. வாங்கும்போது இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

ஆனித் தேரோட்டக் கடைகளில் நான்கு தந்தி கட்டிய வண்ண வண்ணப் பிளாஸ்டிக் கிதார்கள் தொங்கும். குழந்தைக்கு வாங்கிக் கொடுங்கள், நல்லதுதான். ஆனால் அதில் சுருதி நிற்காது. வாத்தியம் என்று சொல்லத்தக்கதில் தலைப்பகுதியின் நான்கு திருகுகளுக்கும் பின்னால் உலோகப் பல்சக்கரம் இருக்கும், திருகைச் சுற்றினால் தந்தி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறும். சில மலிவு வகைகளில் பல்சக்கரம் இல்லாத நேர்த் திருகு இருக்கும். அதன் முனையில் சின்ன ஸ்க்ரூ இருந்தால் பாதகமில்லை. திருகு நழுவும்போது அதை இறுக்கிக்கொள்ளலாம். அதுவும் இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

அளவைப் பொறுத்தவரை சொப்ரானோ, கான்சர்ட் என்ற இரண்டு போதும். ஒலிக்கும் தந்தியின் நீளம் சொப்ரானோவில் சுமார் 34, 35 சென்டிமீட்டர், கான்சர்ட்டில் 38. பயணத்துக்குச் சொப்ரானோ. உங்கள் விரல்கள் தடிமனானவை என்றால் கான்சர்ட் எடுங்கள், மெட்டுகளுக்கு நடுவே இடம் தாராளமாக இருக்கும்.

கடையிலேயே செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரு தந்தியைச் சும்மா மீட்டுங்கள். பிறகு அதே தந்தியைப் பன்னிரண்டாவது மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுரம், பின்னது ஒரு ஸ்தாயி மேலே. கீழ் ஸ என்றால் மேல் ஸ. காதுக்கு உறுத்தினாலோ, செல்போனில் உள்ள ட்யூனர் செயலி முள்ளை வெகுதூரம் தள்ளிக் காட்டினாலோ வேறொன்றைக் கேளுங்கள். மர வாத்தியத்தில் இந்தப் பிழையை ஓரளவு சரிசெய்யலாம். பிளாஸ்டிக்கில் கழுத்தும் மெட்டும் ஒரே வார்ப்பு, அச்சில் விழுந்த பிழை அப்படியே நிற்கும். கொஞ்சம் வித்தியாசம் எல்லா மலிவு வாத்தியத்திலும் இருக்கும். அது முதல் ஐந்து மெட்டுகளில் பெரிதாகத் தெரியாது, தொடக்கத்தில் நமக்கு அந்த ஐந்துதான் வேலை.

இணையத்தில் வாங்குகிறீர்கள் என்றால் திருப்பி அனுப்ப அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பெட்டி வந்த அன்றே இந்தச் சோதனையைச் செய்யுங்கள். காலா நிறுவனத்தின் வாட்டர்மேன் போன்றவை தண்ணீரை நினைத்தே செய்யப்பட்டவை. பெயர் தெரியாத வகைகளிலும் நல்லவை கிடைக்கும். எதுவானாலும் சோதனை ஒன்றுதான்.

ஒலியைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நல்ல மரத்தின் கனமும் இனிமையும் பிளாஸ்டிக்கில் வராது. ஒலி கொஞ்சம் மெல்லியது, கூர்மையானது. ஆனால் தெளிவாக இருக்கும். தந்தியை மாற்றினால் இன்னும் நன்றாகும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சுருதி சேர்ப்பது

புதியவர்கள் கைவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதனால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

வாத்தியத்தை மடியில் வாசிக்கும் நிலையில் பிடித்தால், உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தந்தி ஜி. அங்கிருந்து தரையை நோக்கிப் போனால் சி, ஈ, ஏ. இவை மேற்கத்திய இசையில் சுரங்களின் பெயர்கள். கர்நாடக இசையின் கணக்கில் சொன்னால் ஜி ஐந்து கட்டை, சி ஒரு கட்டை, ஈ மூன்று கட்டை, ஏ ஆறு கட்டை. இதில் சி தந்திதான் எல்லாவற்றிலும் கீழான ஒலி. முகத்துக்கு மிக அருகிலுள்ள ஜி, சி-யைவிடத் தடிமன் குறைந்தது, ஒலியில் மேலே இருப்பது. கிதார் வாசிக்கும் நண்பர் யாராவது உதவிக்கு வந்தால், மேல் தந்திதானே என்று ஜி-யை ஒரு ஸ்தாயி கீழே இறக்கப் பார்ப்பார். அது துவண்டு தொங்கும். அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

செயலியில் யுகுலேலே என்று தேர்ந்தெடுத்து, ஏ தந்தி 440 ஹெர்ட்ஸில் நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சி தந்தியைச் சேருங்கள், அப்புறம் ஈ, ஏ, கடைசியில் ஜி. சுரம் தாண்டி மேலே போய்விட்டால் அப்படியே கொஞ்சம் இறக்கி நிறுத்தாதீர்கள். நன்றாகவே கீழே இறக்கிவிட்டு, மறுபடி கீழிருந்து ஏறி வந்து நிறுத்துங்கள். இறக்கி நிறுத்தினால் பல்சக்கரத்தில் இளக்கம் தங்கிவிடும், நாலு மீட்டலில் சுருதி நழுவும்.

புதுத் தந்தி நீண்டுகொண்டே இருக்கும். முதல் வாரம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைகூடச் சுருதி இறங்கும். வாத்தியம் கெட்டுப்போனது என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு தந்தியையும் நடுவில் விரலால் பிடித்து மெதுவாக மேலே இழுத்துவிட்டு, திரும்பச் சேருங்கள். தினமும் இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் ஒரு வாரத்தில் அடங்கிவிடும்.

ரயிலிலும் அருவிக்கரையிலும் செல்போன் மைக் இரைச்சலில் திணறும். தலைப்பகுதியில் கவ்வி நிற்கும் கிளிப் ட்யூனர் அதிர்வை நேராக உணர்வதால் பக்கத்தில் என்ன சத்தம் இருந்தாலும் சரியாகக் காட்டும். வாத்தியத்தோடு கூடுதலாக ஒன்று வாங்குவதென்றால் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

பிடிப்பதும் அழுத்துவதும்

பிளாஸ்டிக்கின் முதுகு வழுவழுவென்று இருக்கும், வியர்வை பட்டால் சறுக்கும். வலது முழங்கைக்குச் சற்றுக் கீழே உள்ள பகுதியால் வாத்தியத்தை நெஞ்சோடு மெல்ல அணைத்துக்கொள்ளுங்கள். சறுக்கினால் நடுவில் ஒரு குற்றாலத் துண்டை மடித்து வையுங்கள். இடது கை கழுத்தைத் தாங்குகிற வேலையைச் செய்யக்கூடாது, அதற்குச் சுரம் பிடிப்பது மட்டும்தான் வேலை. நின்று வாசிப்பதென்றால் தோளில் மாட்டும் பட்டை ஒன்று தேவைப்படும்.

அழுத்தும்போது விரல் நுனி மெட்டின்மேல் படக்கூடாது. மெட்டுக்குச் சற்றுப் பின்னால், தலைப்பகுதி இருக்கும் பக்கமாக, மெட்டை ஒட்டி வைக்க வேண்டும். எவ்வளவு அழுத்தம்? இரைச்சல் இல்லாமல் சுரம் ஒலிக்கும் அளவுக்கு, அதற்குமேல் வேண்டாம். வார்ப்பு மெட்டுகள் உயரமாக இருக்கும். பலமாக அழுத்தினால் தந்தி இழுபட்டுச் சுரம் மேலே ஏறிவிடும். சுருதி சரியாகச் சேர்த்தும் ஒலி உறுத்துகிறதே என்று குழம்புகிறவர்கள் பலருக்கு உண்மையில் கை அழுத்தம்தான் காரணம்.

முதல் வாரம்: நான்கு கார்டுகள்

கார்டு என்பது மூன்று நான்கு சுரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிப்பது. எண்களை ஜி, சி, ஈ, ஏ என்ற வரிசையில் படியுங்கள். பூஜ்யம் என்றால் அழுத்தாத தந்தி.

சி கார்டு 0003. ஏ தந்தியின் மூன்றாவது மெட்டில் மோதிர விரல். ஒரே விரல், முதல் நாளே வந்துவிடும். ஏ மைனர் 2000, ஜி தந்தியின் இரண்டாவது மெட்டில் நடுவிரல். எஃப் 2010. ஏ மைனரை விடாமல் வைத்துக்கொண்டு, ஈ தந்தியின் முதல் மெட்டில் ஆள்காட்டி விரலைச் சேர்த்தால் எஃப். ஜி ஏழு 0212, இதற்கு மூன்று விரல்: ஈ முதல் மெட்டில் ஆள்காட்டி, சி இரண்டில் நடுவிரல், ஏ இரண்டில் மோதிர விரல். இது வர இரண்டு மூன்று நாள் ஆகும்.

கார்டு வைக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, மாற்றத் தெரிய வேண்டும். ஒரு நிமிடத்துக்குக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு சி-க்கும் ஏ மைனருக்கும் மாறி மாறிப் போய் வாருங்கள், எத்தனை தடவை மாறினீர்கள் என்று எண்ணுங்கள். மறுநாள் அதே நிமிடம். எண்ணிக்கை ஏறுவதைப் பார்க்கப் பார்க்க உற்சாகம் வரும். அப்புறம் ஏ மைனர் எஃப், அப்புறம் சி ஜி ஏழு. நான் சேரன்மகாதேவி வருவதற்குள் முதல் ஜோடி, பேட்டை வருவதற்குள் இரண்டாவது ஜோடி என்று வைத்துக்கொண்டேன். நான்கும் ஓடத் தொடங்கியதும் சி, ஏ மைனர், எஃப், ஜி ஏழு என்று சுற்றி வந்தால் எத்தனையோ பாட்டுகளுக்கு அதுவே பின்னணி ஆகிவிடும்.

பாளையங்கோட்டைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. தேவாலயப் பாடகர் குழுக்களில் கிதார் வாசிப்பவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். அவர்களிடம் போய் உட்காருங்கள். கிதாரின் கீழ் நான்கு தந்திகளில் ஜி கார்டு 0003தான், யுகுலேலேயில் அதே வடிவம் சி. கிதாரின் ஈ மைனர் வடிவம் இங்கே ஏ மைனர். எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கேபோ என்ற கவ்வியைக் கிதாரில் ஐந்தாவது மெட்டில் போட்டுவிட்டால் உங்கள் வாத்தியமும் அவர்கள் வாத்தியமும் ஒரே விரல் வடிவத்தில் ஒன்றாகப் போகும். பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் விரலைப் பார்த்து வாசித்துப் பாருங்கள், ஒரே மாலையில் ஒரு பாட்டு முழுதாகக் கைக்கு வரும்.

வலது கைக்கு நம் சொற்கட்டே ஆசிரியர். ஆள்காட்டி விரலைத் தளர்வாக மடக்கி, கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் மீட்டுங்கள். கீழே போகும்போது நகம் படும், மேலே வரும்போது விரல் சதை படும். வாயால் "தகதிமி" சொல்லிக்கொண்டு கீழ், மேல், கீழ், மேல். "தகிட"வுக்கு மூன்றும் கீழ்நோக்கியே, "த"வில் மட்டும் அழுத்தம். கை தடுமாறினாலும் வாய் நிற்கக்கூடாது. அது ஓடிக்கொண்டிருந்தால் கை தானாக வந்து சேர்ந்துகொள்ளும். கோயில் கொடையில் வில்லுப்பாட்டின் உடுக்கையையும் குடத்தையும் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தாளம் ஏற்கெனவே உடம்பில் இருக்கிறது, மணிக்கட்டைத் தளர்த்தினால் போதும்.

மோகனம் ஏற்கெனவே அதில் இருக்கிறது

இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் கார்டோடு நின்றுவிடும். எனக்கோ இந்த வாத்தியத்தின் மேல் பிரியம் வந்தது கார்டில் அல்ல. சி தந்தியை ஸ என்று வைத்துக்கொண்டு ஒருநாள் எதையும் அழுத்தாமல் மேலிருந்து கீழே ஒவ்வொரு தந்தியாக மீட்டினேன். ப, ஸ, க, த. மோகன ராகத்தின் ஐந்து சுரங்களில் நான்கு, விரலே வைக்காமல். விட்டுப்போனது ரி மட்டும், அது சி தந்தியின் இரண்டாவது மெட்டில் இருக்கிறது. மேல் ஸ, ஏ தந்தியின் மூன்றாவது மெட்டில்.

ஆக மோகனத்தின் ஆரோகணம் இப்படி (திறந்தது என்றால் அழுத்தாத தந்தி): சி திறந்தது ஸ, சி இரண்டாவது மெட்டு ரி, ஈ திறந்தது க, ஜி திறந்தது ப, ஏ திறந்தது த, ஏ மூன்றாவது மெட்டு மேல் ஸ. இரண்டே இடத்தில் விரல் வைத்தால் ஒரு ராகம் முழுதாக ஏறி இறங்குகிறது. ப-வுக்கு மேல் தந்திக்குப் போக வராவிட்டால் ஈ தந்தியின் மூன்றாவது மெட்டிலும் அதே ப கிடைக்கும். கட்டை விரலால் ஒவ்வொரு சுரமாக, நிதானமாக. வாயால் பாடிக்கொண்டே வாசியுங்கள்.

பாட்டு கற்றுக்கொண்டவர்களுக்கு அடுத்தது மாயாமாளவகௌளை. சி திறந்தது ஸ, சி ஒன்று ரி, ஈ திறந்தது க, ஈ ஒன்று ம, ஈ மூன்று ப, ஈ நான்கு த, ஏ இரண்டு நி, ஏ மூன்று மேல் ஸ. சரளி வரிசையை இதில் முதல் காலத்தில் போட்டுப் பாருங்கள். ஸ-வும் ப-வும் வரும் இடங்களில் திறந்த ஜி தந்தியையும் கூடவே தட்டிவிட்டால் தம்புரா வைத்தது போல ப கூடவே நிற்கும்.

ஒரு கட்டையில் பாட வராதவர்கள் என்ன செய்வது? கேபோவை முதல் மெட்டில் போட்டால் ஒன்றரைக் கட்டை, இரண்டாவதில் போட்டால் இரண்டு கட்டை. விரல் இடங்கள் அப்படியே மாறாமல் இருக்கும். கேபோ இல்லையென்றால் ஒரு பென்சிலை மெட்டுக்குப் பின்னால் குறுக்கே வைத்து இரண்டு முனையிலும் ரப்பர் பேண்டால் இறுகக் கட்டினாலும் வேலை நடக்கும். ஸ-வுக்குக் கீழே இறங்கும் பாட்டு என்றால் வேறு வழி. சி-க்குக் கீழே இந்த வாத்தியத்தில் ஒலி கிடையாது. அப்போது ஈ தந்தியின் முதல் மெட்டை ஸ ஆக்கிக்கொள்ளுங்கள். அது நான்கு கட்டை, அதற்குக் கீழே, கீழ் ஸ்தாயி ப வரைக்கும் இடம் கிடைக்கும்.

சுரத்தை அசைத்து இழைக்கும் கமகம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். தந்தி குட்டை, மெட்டு அசையாதது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு விரலைத் தூக்காமல் சறுக்கிப் போகும் ஜாரு நன்றாக வரும், சின்ன அசைவு வரும், அவ்வளவுதான். என் ரயில் காருகுறிச்சி நிலையத்தைத் தாண்டித்தான் தினமும் போகிறது. அந்த ஊரின் அருணாசலம் நாகஸ்வரத்தில் இழைத்ததைப் பதிவில் கேட்டுவிட்டு இதை எடுத்தால் இதன் எல்லை தெரியும். அந்த எல்லைக்குள் எளிய கீதமும் நாட்டுப்புறப் பாட்டும் தாலாட்டும் வெகு அழகாக இருக்கும்.

வெளியே கொண்டுபோகும்போது

பிளாஸ்டிக்குக்கு மழை பிரச்சினை இல்லை, சூடு பிரச்சினை. பெரும்பாலும் ஏபிஎஸ் அல்லது பாலிகார்பனேட்டில்தான் வார்க்கிறார்கள். ஏபிஎஸ் நன்றாக இளகுவதற்கு 100 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். ஆனால் நான்கு தந்திகளின் இழுப்பு இரவும் பகலும் இருக்கிறதே, அந்த இழுப்பில் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே கழுத்து மெல்ல வளையத் தொடங்கலாம். பூட்டிய காருக்குள் சித்திரை வைகாசியில் வைக்கவே கூடாது. பஸ்ஸில் இன்ஜின் மூடியின்மேல் வைக்காதீர்கள். மொட்டை மாடியிலும் தகரக் கூரைக்கடியிலும் வேண்டாம். வெயிலில் வைத்தே ஆக வேண்டும் என்றால் தந்திகளை இரண்டு சுரம் இறக்கிவிட்டு, துண்டால் போர்த்தி வையுங்கள்.

குற்றாலச் சாரலில் தாராளமாக வாசிக்கலாம். அருவிக்கு நேர் கீழே கொண்டுபோகாதீர்கள். தாமிரபரணிப் படித்துறையில் கைதவறி விழுந்தால் மிதக்கும் என்று நம்ப வேண்டாம், ஒலித்துளை வழியாக நீர் புகுந்ததும் மூழ்கிவிடும். பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டே வாசியுங்கள். உள்ளே தண்ணீர் போய்விட்டால் கவிழ்த்து உதறி நிழலில் உலர்த்துங்கள். துருப்பிடிப்பது பல்சக்கரம் மட்டும்தான். அதை உடனே துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு துளி விடுங்கள். உவரி மாதிரிக் கடற்கரைக்குப் போய்வந்தால் உப்புப் போக நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் முழுதும் துடைத்துவிட்டு அதே எண்ணெய்.

பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு: கொசுவுக்காகக் கையில் தடவும் களிம்பு. அவற்றில் சிலவற்றில் இருக்கும் டீட் என்ற பொருள் பிளாஸ்டிக்கை அரிக்கும். மாஞ்சோலை, பாபநாசம் பக்கம் மாலையில் போகிறவர்கள் களிம்பு தடவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு எடுங்கள், இல்லையென்றால் விரல் தடம் நிரந்தரமாகப் பதிந்துவிடும். நகப்பூச்சு அழிக்கும் திரவமும் தின்னரும் அப்படித்தான். அழுக்கானால் சோப்புத் தண்ணீர் தொட்ட துணி போதும். மலையில் குரங்குகள் பையைப் பறிக்கும், தின்பண்டம் வைத்த பையில் வாத்தியத்தை வைக்காதீர்கள்.

ரயிலில் பக்கத்தில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாசியுங்கள். இரவு பத்து மணிக்குமேல் சத்தமாக இசை வைக்க ரயில்வே அனுமதிப்பதில்லை, நாமும் செய்யக்கூடாது. அந்த நேரத்தில் கைப்பழக்கம் பண்ண, குதிரைக்குப் பக்கத்தில் தந்திகளுக்கடியில் ஒரு கைக்குட்டையை மடித்துச் செருகுங்கள். ஒலி உங்கள் காதுக்கு மட்டும் கேட்கும், விரலுக்கு முழுப் பயிற்சி கிடைக்கும். நெல்லை எக்ஸ்பிரஸில் தூக்கம் வராத இரவுகளில் ஜி ஏழு எனக்கு அப்படித்தான் படிந்தது.

பக்கத்தில் குழந்தைகள் இருந்தால் தொட்டுப் பார்க்கக் கொடுங்கள். விலைமதிப்புள்ள வாத்தியம் என்றால் கொடுக்கமாட்டோம், இதைக் கொடுக்கலாம். எனக்கு இதில் கிடைத்த பெரிய சந்தோஷங்களில் அதுவும் ஒன்று.

தந்தி மாற்றுவது

மலிவு வாத்தியத்தில் வரும் தந்திகள் பெரும்பாலும் மங்கலாக ஒலிக்கும். இரண்டு மூன்று மாதம் வாசித்து, தொடர்ந்து வாசிப்போம் என்று தெரிந்த பிறகு நல்ல செட் ஒன்று வாங்குங்கள். நைலான், ஃப்ளோரோகார்பன் இரண்டில் எதுவும் சரி. உலோகம் சுற்றிய தந்தி மட்டும் வேண்டாம். பிளாஸ்டிக் மெட்டை அது அரம் போல அறுத்துவிடும். பள்ளம் விழுந்த மெட்டில் தந்தி இரையும், வார்ப்பு மெட்டைத் தனியாக மாற்ற முடியாது. கிதாரின் எஃகுத் தந்தியை ஒருபோதும் கட்டாதீர்கள், அதன் இழுப்பைக் கழுத்து தாங்காது. ஃப்ளோரோகார்பன் தூண்டில் நரம்பையே அளவு பார்த்துக் கட்டுகிறவர்கள் உலகம் முழுக்க உண்டு. சுமார் 0.5 மில்லிமீட்டரிலிருந்து 0.8 மில்லிமீட்டர் வரை தடிமன் கொண்டவை, தடித்தது சி-க்கு, மெலிந்தது ஏ-வுக்கு. கரையோர ஊர்க்காரர்களுக்கு இது நல்ல வழி.

நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள், பழைய தந்தி எப்படிக் கட்டியிருக்கிறது என்று பக்கத்துத் தந்தியைப் பார்த்தே முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம். திருகில் இரண்டு மூன்று சுற்று வரும்படி விட்டு மிச்சத்தை வெட்டுங்கள். புதுத் தந்தி அடங்குவதற்கு நாள் வேண்டும் என்று முன்பே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் முன்னால் வாசிக்க வேண்டியிருந்தால் திங்களன்றே மாற்றிவிடுங்கள். பழைய ஏ தந்தி நல்ல நிலையில் இருந்தால் சுருட்டி உறைக்குள் போட்டு வையுங்கள், வழியில் ஒன்று அறுந்தால் அதைக் கட்டிக்கொள்ளலாம்.